மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடு: மைன்கிராஃப்ட் சர்வரில் ஒரு ஏக்கரை மட்டமாக்குவது எப்படி

மைன்கிராஃப்ட் என்பது பிளாக் பிளாக்காக (கட்டி கட்டியாக) அமைந்த உலகத்தை வெட்டியும் அடுக்கியும் ஆடுகிற விளையாட்டு. பலர் சேர்ந்து ஆடுகிற எங்கள் சர்வரில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரிய வீடோ பண்ணையோ கட்டப்போகிறேன் என்று கிளம்பினால் முதலில் செய்வது ஒரே காரியம்தான். இருக்கிற இடத்திலேயே எது அடிப்பள்ளமோ அங்கே போய் நின்றுகொண்டு, அந்த மட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும் வெட்ட ஆரம்பிப்பார்கள். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். கேட்டால் போரடிக்கிறது என்பார்கள். போரடிக்காமல் என்ன செய்யும், தேவையைப் போல இரண்டு மடங்கு வேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டால்?

நானும் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். திருவாரூர் பக்கத்துக் கிராமம், வீட்டில் நெல் விவசாயம். ஒரு நாள் சாயங்காலம் அப்பா டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, வெட்டுன மண்ண எல்லாம் எங்க கொண்டு போற?”

“பெட்டில போட்டு வெக்கிறேன்பா.”

“பக்கத்துலயே பள்ளம் கெடக்குதுல்ல. அதுல கொட்டிட்டுப் போவியா, பெட்டில வெக்கிறானாம்.”

அவ்வளவுதான் சொன்னார். இந்த வழிகாட்டி மொத்தமும் அந்த ஒரு பேச்சின் விரிவு. வயலில் மேடு இருந்தால் அங்கே தண்ணீர் ஏறாது, பள்ளம் இருந்தால் நாற்று முழுகும். அதனால் மேட்டு மண்ணைச் சரித்துப் பள்ளத்தில் தள்ளிப் பரம்படிப்பார்கள். வெளியிலிருந்து ஒரு கூடை மண் வராது, வெளியே ஒரு கூடை மண் போகாது. விளையாட்டிலும் அதையேதான் செய்யப் போகிறோம், மோட் (கூடுதல் வசதி தருகிற துணை நிரல்) போட்ட கிளையண்ட் (நம் கணினியில் ஓடுகிற விளையாட்டு) ஒன்றின் துணையோடு.

எவ்வளவு இடம் என்று முதலில் பேசிவிடலாம். மைன்கிராஃப்ட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். 64க்கு 64 எடுத்தால் 4,096 சதுர மீட்டர், ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047. அதாவது 4க்கு 4 என்று 16 சங்க் (16க்கு 16 பிளாக் கொண்ட துண்டு) எடுத்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு ஏக்கர், நம்மூர்க் கணக்கில் மூன்று மா. ஒரு மா போதும் என்றால் 37க்கு 37 எடுத்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்கிற எண்கள் எல்லாம் ஒரு ஏக்கருக்கு.

கிளையண்ட்

ஜாவா எடிஷன் வேண்டும். போனில் ஆடுகிற பெட்ராக்கில் இந்த மோட்கள் ஓடாது. மோட்களை ஏற்றுகிற ஃபேப்ரிக் லோடரைப் போட்டு, அதற்கு மேல் மாலிலிப், லைட்மாட்டிகா, மினிஹட், ட்வீக்கரூ நான்கையும் மோட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். விளையாட்டின் பதிப்பு எண்ணும், மோட் எந்தப் பதிப்புக்காக வெளியானதோ அந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு புள்ளி மாறினாலும் பல சமயம் திறக்காது. என்னுடையது மாதிரி கிழட்டு லேப்டாப் என்றால் சோடியமும் சேர்த்துக்கொள்ளுங்கள், காட்சி ஓடுகிற வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

போடுவதற்கு முன்னால் சர்வர் விதிகளைப் படியுங்கள், புரியவில்லை என்றால் அட்மினிடம் கேளுங்கள். லைட்மாட்டிகாவின் நிழல் வரைபடத்தைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். தானாகவே பிளாக் வைக்கிற பிரிண்டர், தானாகவே நடந்து தோண்டுகிற பாட், இதெல்லாம் பெரும்பாலான சர்வர்களில் கூடாது. ட்வீக்கரூவுக்குள் ஃப்ரீகேம் என்று ஒன்று இருக்கிறது, கேமரா மட்டும் உடலை விட்டுப் பறக்கும். நான் ஒரு சர்வரில் கை தவறி அந்தக் கீயை அழுத்தி, அடடே நல்லா இருக்கே என்று சுற்றிப் பார்த்ததைச் சாட்டிலும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் உள்ளே விடவில்லை. அதனால் வேண்டாத வசதிகளுக்குக் கீயே வைக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் வெட்டப் போகிற இடம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வரப்பை அரை அடி நகர்த்தியதற்கே தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு, சர்வரிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மட்டம் எது என்று முடிவு செய்வது

அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள், உங்கள் உழைப்பில் பாதி மிச்சமாவது இங்கேதான்.

எஃப்3 அழுத்துங்கள், நிற்கிற இடத்தின் எண்கள் திரையில் வரும். இடத்தின் ஒரு மூலையில் ஆரம்பித்து 8 பிளாக்குக்கு ஓர் இடம் என்று நடந்து, ஒவ்வோர் இடத்திலும் தரையின் ஒய் எண்ணை (உயரத்தை) ஒரு பேப்பரில் எழுதுங்கள். 8 வரிசை, வரிசைக்கு 8 இடம், மொத்தம் 64 எண்கள். எழுதும்போது ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். எஃப்3 திரையில் நீங்கள் நிற்கும் இடமென்று காட்டுகிற ஒய் என்பது உங்கள் கால் நிற்கிற உயரம். 70ஆம் பிளாக் மேல் நின்றால் 71 என்று காட்டும். தரை பிளாக்கின் எண் வேண்டும் என்றால் அதைப் பார்த்தபடி நின்று, வலது பக்கம் டார்கெட்டெட் பிளாக் என்று வருகிற எண்ணை எடுங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே எடுங்கள், கால் எண் என்றால் முடிவில் ஒன்றைக் கழித்துவிடுங்கள். நான் முதல் தடவை பாதி இப்படி, பாதி அப்படி எழுதி வைத்து, நிலத்தின் நடுவே குறுக்காக ஒரு படிக்கட்டோடு முடித்தேன்.

மரத்தின் மேலோ செடியின் மேலோ அளக்காதீர்கள், மண்ணை அளங்கள். குளம் இருந்தால் அடித்தரையை அளங்கள்.

64 எண்களையும் கூட்டி 64ஆல் வகுத்தால் சராசரி. என் இடத்தில் 64 முதல் 78 வரை ஏற்ற இறக்கம் இருந்தது, சராசரி 69.4 வந்தது. இப்போது 69ஆ 70ஆ? 69 வைத்தால் 0.4 பெருக்கல் 4,096, ஏறத்தாழ 1,640 பிளாக் மண் மிஞ்சும். கையில் தூக்கிக்கொண்டு போகிற ஷல்கர் பெட்டி ஒன்றில் 1,728 பிடிக்கும், ஆக ஒரு பெட்டி மண் கையில் நிற்கும். 70 வைத்தால் 2,460 பிளாக் பற்றாக்குறை, 38 ஸ்டாக்குக்கு (ஒரு ஸ்டாக் 64 பிளாக்) மேல் வேறெங்காவது போய் வெட்டிக் கொண்டுவர வேண்டும். அதனால் சராசரியைக் கீழ்ப்பக்கமாகவே முழுமையாக்குங்கள். அளந்த இடங்களுக்கு நடுவே கண்ணில் படாத குழிகளும் பொந்துகளும் எப்படியும் இருக்கும், மிஞ்சுகிற மண் அங்கே போய்விடும்.

நான் முதலில் செய்த மாதிரி அடிப்பள்ளமான 64க்கு எல்லாவற்றையும் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டேன். 22,000 பிளாக்குக்கு மேல், கிட்டத்தட்ட 13 ஷல்கர் பெட்டி. 69 வைத்ததில் நான் வெட்டியது சுமார் 6,100, நிரப்பியது சுமார் 4,500. இரண்டையும் கூட்டினாலும் அதில் பாதிகூட இல்லை. கீழே இறங்க இறங்க மண் முடிந்து கல் வருகிற தொல்லை வேறு.

விளையாட்டில் நமக்கு ஒரு சலுகை, வெட்டின மண் வெட்டின அளவிலேயே இருக்கும். நிஜத்தில் வெட்டினால் பொலபொலவென்று பெருகும், மழை பெய்தால் இறுகும். இங்கே ஒரு பிளாக் வெட்டினால் ஒரு பிளாக்தான் கைக்கு வரும், அதனால் கணக்கு அப்படியே நிற்கும்.

நிழல் வரைபடம்

லைட்மாட்டிகா என்ன செய்கிறது என்றால், நாம் கட்ட நினைப்பதை உலகத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாள் மாதிரி விரித்துக் காட்டுகிறது. அந்தத் தாளை முதலில் தனி ஆட்டத்தில் தயார் செய்ய வேண்டும்.

பொருள் தீராத கிரியேட்டிவ் முறையில் ஒரு சூப்பர்ஃபிளாட் (முழுக்கத் தட்டையான) உலகம் திறந்து, ஃபில் கட்டளை கொடுத்து 64க்கு 64, உயரம் 6 என்று ஒரு மண் பலகையை உண்டாக்குங்கள். மொத்தம் 24,576 பிளாக். ஒரே கட்டளையில் 32,768 வரைதான் விடும், அதனால் ஒரே தடவையில் முடிந்துவிடும். பிறகு கையில் ஒரு குச்சியை எடுங்கள், லைட்மாட்டிகாவுக்கு அந்தக் குச்சிதான் கருவி. இடது கிளிக்கில் ஒரு மூலை, வலது கிளிக்கில் எதிர் மூலை. எம் கீ அழுத்தினால் வருகிற மெனுவில் ஏரியா எடிட்டருக்குள் போய் மூலைகளின் எண்ணை நேரடியாகவும் தட்டலாம், எனக்கு அதுதான் சுலபம். முக்கியமாக, மேல் மூலையை மண் பலகைக்கு மேலே 12 பிளாக் உயரத்தில் வையுங்கள். அந்தக் காலி இடமும் வரைபடத்துக்குள் வர வேண்டும், எதை வெட்டி எடுக்க வேண்டும் என்று அதுதான் காட்டப் போகிறது. சேவ் செய்யுங்கள்.

சர்வருக்குள் வந்து அதே மெனுவில் லோட் செய்து, பலகையின் மேல் தட்டு உங்கள் மட்டத்தில், என் கணக்கில் 69இல், உட்காரும்படி இடத்தைச் சரிசெய்யுங்கள். இப்போது நிலத்தைப் பாருங்கள். இளநீலமாகத் தெரிவதெல்லாம் நிரப்ப வேண்டியது. ஊதா கலந்த இளஞ்சிவப்பில் தெரிவதெல்லாம் வெட்ட வேண்டியது. சிவப்பு என்றால் அங்கே பிளாக் இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் உள்ளது இல்லை, அதாவது மண்ணுக்குப் பதில் புல்லோ கல்லோ இருக்கிறது. நமக்கு மட்டம்தானே வேண்டும், சிவப்பைக் கண்டுகொள்ளாதீர்கள்.

வெரிஃபையர் என்ற பகுதியை ஓடவிட்டால் மிஸ்ஸிங் எத்தனை, எக்ஸ்ட்ரா எத்தனை என்று எண்ணிச் சொல்லும். மிஸ்ஸிங் நிரப்ப, எக்ஸ்ட்ரா வெட்ட. மரம், பூ, புல் எல்லாம் எக்ஸ்ட்ராவில் சேர்ந்துவிடும் என்பதால் முதலில் மரங்களை வெட்டிவிட்டு எண்ணினால் சரியாக வரும். பேப்பர் கணக்கும் இதுவும் ரொம்பவே விலகினால் வரைபடத்தை ஒரு பிளாக் ஏற்றியோ இறக்கியோ வைத்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.

எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் கண்ணும் கெடும், லேப்டாப்பும் அனலடிக்கும். ரெண்டர் லேயரில் ஒரே ஓர் அடுக்கு என்று வைத்துக்கொண்டு, பேஜ் அப், பேஜ் டவுன் கீகளால் மேலும் கீழும் போங்கள்.

மண்வெட்டி

இதில் யூடியூப் வீடியோக்கள் போதிப்பதோடு எனக்கு உடன்பாடில்லை. பீக்கன் (பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சக்தி தருகிற விளக்கு) கட்டு, ஹேஸ்ட் 2 (வேகமாகத் தோண்டுகிற சக்தி) போடு, அப்புறம்தான் தோண்டு என்பார்கள். பீக்கனுக்கு விதர் என்கிற பூதத்தைக் கொல்ல வேண்டும், முழுப் பிரமிடுக்கு 164 இரும்பு பிளாக் அடுக்க வேண்டும். மலையைக் குடைகிறவர்களுக்கு அது சரி. கல்லை ஒரே தட்டில் உடைக்க எஃபிஷியன்சி 5 (தோண்டும் வேகத்தைக் கூட்டுகிற மந்திரம்) போட்ட வைரப் பிக்காக்ஸுக்கு மேல் ஹேஸ்ட் 2ம் வேண்டும்தான். ஆனால் மண்ணுக்கு? எஃபிஷியன்சி 4 போட்ட வைர ஷவல் ஒன்றே மண்ணையும் புல்லையும் தொட்டவுடன் எடுத்துவிடும், பீக்கனே வேண்டாம். எஃபிஷியன்சி 4 இருக்கிற இரண்டைப் பட்டறைக்கல்லில் சேர்த்தால் 5 ஆகும், ஆனால் மண்வேலைக்கு அது ஆடம்பரம்.

ஒரு நிபந்தனை, கால் தரையில் இருக்க வேண்டும். குதித்துக்கொண்டோ தண்ணீருக்குள் நின்றோ தோண்டினால் வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

வைர ஷவல் 1,561 பிளாக்குக்கு உழைக்கும். சீக்கிரம் தேயாமல் காக்கிற அன்பிரேக்கிங் 3 இருந்தால் சராசரியாக அதைப் போல நான்கு மடங்கு, சுமார் 6,240. என் 6,100க்கு ஒரே ஷவல் மயிரிழையில் போதுமானதாக இருந்தது. எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கொண்டு கருவியைச் சரிசெய்கிற மெண்டிங் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். மண் தோண்டினால் எக்ஸ்பி வராது, எக்ஸ்பி வராமல் மெண்டிங் எதையும் சரிசெய்யாது. ட்வீக்கரூவில் உடையப் போகிற கருவியைத் தானே மாற்றுகிற வசதி ஒன்று உண்டு, அதைப் போட்டு வையுங்கள்.

வெட்டு

மேலே ஏறி நின்று அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டு வருவதுதான் எல்லாரும் செய்வது. நான் சொல்வது, மட்டத்தில் நின்றுகொண்டு மேட்டுக்குள் பக்கவாட்டில் நுழையுங்கள். தரையில் நின்றபடியே தலைக்கு மேலே நான்கு ஐந்து பிளாக் உயரம் வரை கை எட்டும். ஐந்து பிளாக் மேடு வரை ஒரே நடையில் முடிந்துவிடும். உழவு மாதிரி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று பிளாக் அகலத்தில் ஒரு சால், திரும்பி வரும்போது அடுத்த சால். விழுகிற மண் காலடியிலேயே விழும், நடக்க நடக்கப் பைக்குள் ஏறும். அடுக்கடுக்காக மேலிருந்து வெட்டினால் சரிவில் அங்கே இங்கே உருண்டு கிடக்கும், ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும்.

மேடு ஐந்துக்கு மேல் என்றால் மட்டும் முதலில் தலையைச் சீவி ஐந்துக்குக் கொண்டுவாருங்கள். மணலும் சரளையும் வந்தால் பார்த்து, அடியில் வெட்டினால் மேலே இருப்பது தலையில் இறங்கும்.

கை வேகமாகப் போகும்போது மட்டத்துக்குக் கீழேயும் ஒரு குத்து விழும். அதைத் தடுக்க ட்வீக்கரூவில் பிரேக்கிங் ரெஸ்ட்ரிக்‌ஷன் இருக்கிறது. லேயர் முறையில் வைத்தால் ஆரம்பித்த அடுக்கைத் தவிர வேறு எதையும் உடைக்க விடாது. கடைசி அடுக்கைச் சுத்தம் செய்யும்போது அதைப் போட்டுக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கலாம்.

பிங் (சர்வருக்குத் தகவல் போய் வருகிற தாமதம்) அதிகமாக இருந்தால் வெட்டின பிளாக் காணாமல் போய், நடந்தால் முட்டும், அல்லது மறுபடி முளைக்கும். சர்வர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதன் மேல் ஒரு வலது கிளிக் செய்தால் உண்மை நிலவரம் தெரியும். எனக்கு மழைக்காலத்தில் இது ரொம்ப உண்டு. ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. வைஃபை செத்தது. என் ஆள் மட்டும் சர்வரில் சில நொடிகள் சிலை மாதிரி நின்றிருக்கிறான், பக்கத்தில் வந்து வெடிக்கிற ஒரு கிரீப்பருக்கு அது போதும். பக்கத்திலேயே நண்பன் ஒருவன் கட்டிக்கொண்டிருந்ததால் அந்த சங்க் ஓடிக்கொண்டே இருந்தது, ஐந்து நிமிடத்தில் என் பை மண் முழுவதும், ஷவலோடு, போயே போச்சு. அவன் அந்தப் பக்கம் இல்லாதிருந்தால் பொருள் அப்படியே உறைந்து கிடந்திருக்கும். அன்றிலிருந்து ஒரு சால் முடிந்ததும் மண்ணைப் பெட்டியில் கொட்டிவிட்டுத்தான் அடுத்த சாலுக்குப் போகிறேன்.

நிரப்பு

பள்ளத்தின் மேல் மட்டும் ஒரு தட்டு மண் பாவி மூடிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அடியில் இருட்டறை உண்டாகும், அதில் ஜோம்பி முளைக்கும், வீடு கட்டி முடித்த பிறகு ராத்திரி முழுக்கத் தரைக்கு அடியில் முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆழமான இடத்தில் கல்லைப் போட்டு, மேல் மூன்று அடுக்குக்கு மட்டும் மண் போடுங்கள். வெட்டும்போது கிடைத்த கல்லெல்லாம் இதற்குத்தான்.

பள்ளத்துக்குள் இறங்கி அடியிலிருந்து, ஒவ்வோர் அடுக்காக, ஷிஃப்ட் பிடித்துப் பின்னால் நடந்தபடி வையுங்கள். கையில் ஸ்டாக் தீர்ந்ததும் தானாக நிரப்புகிற ஹேண்ட் ரீஸ்டாக்கைப் போட்டுக்கொண்டால் பைக்குள் போய் வர வேண்டாம்.

குளம் இருந்தால் மணல்தான் நண்பன். மேலே நின்று விட்டால் நேராக அடிக்குப் போய் உட்காரும், அப்படியே ஒவ்வொரு தூணாக எழுப்பித் தண்ணீரை விரட்டலாம். மேல் அடுக்கு மட்டும் மண்.

புல், வெளிச்சம், தண்ணீர்

நிரப்பிய இடம் புழுதியாகக் கிடக்கும். பக்கத்தில் புல் இருந்தால் தானாகப் பரவும், ஆனால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர நாளாகும். பிளாக்கை அப்படியே பெயர்த்தெடுக்கிற சில்க் டச் ஷவலால் ஒரு ஸ்டாக் புல் பிளாக்கை எடுத்து, நாற்று நடுகிற மாதிரி ஐந்தாறு பிளாக்குக்கு ஒன்று என்று நட்டுவிடுங்கள்.

தீப்பந்தம் 12 பிளாக் இடைவெளி. 1.18க்குப் பிறகு வெளிச்சம் பூஜ்ஜியமாக இருந்தால்தான் ஜோம்பி வகையறா முளைக்கும். 12க்கு ஒன்று வைத்தால் நான்கு பந்தத்துக்கு நடுவில் இருக்கிற இருட்டு மூலையிலும் 2 மிஞ்சும். ஏக்கருக்கு 6 வரிசையில் 36 பந்தம். மினிஹட்டில் வெளிச்ச அளவைத் தரையிலேயே எண்ணாகக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயிர் வைக்கிறவர்களுக்கு: தண்ணீருக்கு நான்கு பக்கமும் 4 பிளாக் வரை ஈரம் போகும். 9 வரிசைக்கு ஒரு வாய்க்கால், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஏக்கருக்கு 7 வாய்க்கால். ஊற்று பிளாக்கிலிருந்து சமதரையில் 7 பிளாக்தான் தண்ணீர் ஓடும், அதனால் வாய்க்கால் முழுக்க வாளியால் ஊற்றை நிரப்பிவிடுங்கள்.

எல்லாம் முடித்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூலைக்கு மூலை காட்டச் சொன்னார். மட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

“தண்ணி பாய வாய்க்கா வெச்சிருக்க, சரி. வடிய எங்க வழி?”

இதில் வயல் முழுகாதுப்பா என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. கிழக்கு ஓரமாக ஒரு பிளாக் அகலத்தில், 64 பிளாக் நீளத்துக்கு வடிகால் ஒன்று வெட்டியிருக்கிறேன். எவ்வளவு மழை பெய்தாலும் அதில் ஒன்றும் ஓடுவதில்லை.